பம்பரத்தில் இரண்டு சத்தம்: சின்னப் பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பைத் தொடக்குவது எப்படி

என் மகளுக்கு நான்கரை வயதில் ஆங்கில எழுத்து 26உம் மனப்பாடம். பாட்டாகவே பாடிக் காட்டுவாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கைதட்டுவார்கள். ஒருநாள் படப் புத்தகத்தில் பூனைக்குக் கீழே இருந்த மூன்றெழுத்துச் சொல்லில் விரல் வைத்து "சீ, ஏ, ரீ" என்று சரியாகச் சொன்னாள். "சரி, இப்ப சேர்த்து வாசியுங்கோ பிள்ளை" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "சீயேரீ" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கையில் கொடுத்த மூன்றையும் சேர்த்தால் அதுதான் வரும். முன்பள்ளியில் அவளுக்கு எழுத்துகளின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். எழுத்து போடும் சத்தத்தைக் கொடுக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொழும்பில் தமிழ் மொழி மூலப் பாடசாலை ஒன்றில் தரம் 1, 2 பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கத் தொடங்கி அப்போதே ஏழு வருடம். என் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் மனதுக்குள் 'சீயேரீ' என்று சொல்லிப் பார்த்துவிட்டு, பொருள் வராததால் பேசாமல் இருந்திருப்பார்கள்!

அதன் பிறகு வகுப்பிலும் வீட்டிலும் செய்து பார்த்து, சரிவந்ததை இங்கே எழுதுகிறேன். ஒரு சின்ன முன்குறிப்பு. தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டு 'பீ'யும் ஒன்றாகிவிடும். அதனால் வகுப்பில் சொல்வது போலவே ஒன்றைப் 'பென்சில் பீ' என்றும் மற்றதை 'பஸ் பீ' என்றும் எழுதுகிறேன். 'ரீ' என்பது அந்தப் பூனைச் சொல்லின் கடைசி எழுத்து. அதன் சத்தத்தைச் சொல்லின் தொடக்கத்தில் 'ர' வரிசையிலும் முடிவில் 'ற்' என்றும் எழுதுகிறேன்.

முதலில் பெற்றோர் ஒன்றை நம்ப வேண்டும். எழுத்தின் சத்தங்களைச் சேர்த்து வாசிப்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிய வித்தை அல்ல. க் என்பதும் அ என்பதும் சேர்ந்தால் க. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் சேர்ந்துதானே நமக்கு 216 உயிர்மெய் வருகிறது? ஃபொனிக்ஸ் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அதன் அடிவேலை இதுதான். வித்தியாசம் என்னவென்றால், தமிழில் சேர்த்த பிறகு கிடைப்பதற்குத் தனி வடிவம் உண்டு. ஆங்கிலத்தில் மெய்யும் உயிரும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாகவே நிற்கும், சேர்க்கிற வேலையைப் பிள்ளையே செய்ய வேண்டும். அதோடு, 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலம் ஏறக்குறைய 44 ஒலிகளை எழுதுகிறது. ஆகவே ஒரே எழுத்து பல வேடம் போடும். அதெல்லாம் பிறகு. முதல் சில மாதங்களுக்கு ஓர் எழுத்துக்கு ஒரு சத்தம் போதும்.

நம் பாடசாலைகளில் தரம் 1, 2இல் ஆங்கிலம் விளையாட்டும் பேச்சுமாக, வாய்மொழியாகவே இருந்து வந்திருக்கிறது. முறையான பாடம் தரம் 3இல்தான். சில பெற்றோர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது வரம். அந்த இரண்டு வருடமும் காதைப் பழக்குகிற காலம். காது பழகாத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டி ஒரு பயனும் இல்லை.

காதைப் பழக்கக் கொப்பி, பென்சில் எதுவும் வேண்டாம். காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் போகும்போது "ஸ்ஸ்ஸ் என்று தொடங்குகிற ஒரு சாமான் எனக்குத் தெரியுது, என்ன சொல்லுங்கோ பார்ப்பம்" என்று கேளுங்கள். சைக்கிளும் சரி, ஸ்கூல் வானும் சரி. எழுத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், சத்தம் மட்டும். அது பழகிய பிறகு கடைசிச் சத்தத்தைக் கேளுங்கள். பஸ் எதில் முடிகிறது? கப் எதில் முடிகிறது? இது கஷ்டமாக இருக்கும். கைதட்டி அசை பிரிப்பது நம் பிள்ளைகளுக்குச் சுலபம், அம்-மா, பம்-ப-ரம் என்று உடனே தட்டுவார்கள். ஆனால் ஓர் அசைக்குள் இருக்கிற சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொன்னால் திணறுவார்கள். 'பி' நமக்கு ஓர் எழுத்து. அதற்குள் இரண்டு சத்தம் இருக்கிறது என்று கண் சொல்வதில்லை.

இதற்கு நான் பயன்படுத்துவது புளியங்கொட்டை. ரஷ்ய உளவியலாளர் எல்கோனின் பழக்கிய முறையின் வீட்டு வடிவம் இது. ஒரு கடதாசியில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கட்டம் கீறுங்கள். கீழே மூன்று புளியங்கொட்டை. நீங்கள் 'பின்' என்று ஆறுதலாகச் சொல்லுங்கள். பிள்ளை ப் என்று சொல்லி ஒரு கொட்டையை முதல் கட்டத்துக்குத் தள்ள வேண்டும், இ என்று அடுத்தது, ன் என்று கடைசி. என் வகுப்பில் ஒரு பையன் ஒரு கிழமை முழுக்க இரண்டு கொட்டைதான் தள்ளினான்: 'பி' ஒன்று, 'ன்' ஒன்று. நான் திருத்தவில்லை. எட்டாவது நாள் 'பி'க்குத் தள்ளிய கொட்டையையே உற்றுப் பார்த்தான். உதட்டை மூடி ஒரு தரம், திறந்து ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். பிறகு மூன்றாவது கொட்டையை எடுத்து நடுவில் வைத்தான். அன்றைக்குத்தான் அவனுக்கு எழுத்து அட்டை கொடுத்தேன். இந்த விளையாட்டைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மூன்று கட்டத்தில் தடுமாறினால் அ-ம், ஐ-ஸ் மாதிரி இரண்டு சத்தத்தோடு தொடங்குங்கள்.

அடுத்தது எழுத்து. ஏ முதல் இசட் வரை வரிசையாகப் படிப்பிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்துப் பாடசாலைகளில் எஸ், ஏ, ரீ, பென்சில் பீ, ஐ, என் என்ற ஆறையும் முதலில் கொடுப்பது பரவலான வழக்கம். காரணம் இலேசானது: இந்த ஆறும் தெரிந்தால் உடனே ஏராளமான குட்டிச் சொற்களை வாசிக்கலாம். நான் இதில் ஒரு மாற்றம் செய்கிறேன். ஏ எழுத்தைப் பிற்போட்டுவிட்டு ஐயோடு தொடங்குகிறேன். ஐ எழுத்தின் சத்தம் நம் 'இ'யேதான், பிள்ளை புதிதாக எதையும் உச்சரிக்கப் பழக வேண்டாம். எஸ், ஐ, ரீ, பென்சில் பீ, என். ஐந்தே எழுத்து. அவற்றில் ஸிற், ஸிப், நிப், பின், ரின், ரிப் எல்லாம் வந்துவிடும். அலுமாரியில் ரின் மீன் இருக்கிறது, அம்மாவின் சேலையில் பின் இருக்கிறது. பிள்ளை வாசித்த சொல்லைக் கையில் எடுத்துக் காட்டலாம்.

ஏ எழுத்தின் குட்டிச் சத்தம்தான் உண்மையில் புதியது. பூனைக்கும் தொப்பிக்கும் ஆங்கிலத்தில் வருகிற நடுச் சத்தம். அது அ-வும் இல்லை, எ-வும் இல்லை. தமிழில் அதற்கு எழுத்தே கிடையாது. ஆனால் கொழும்புப் பிள்ளை அதை நாள்தோறும் கேட்கிறது. 'ஏன்' என்று சிங்களத்தில் கேட்கிறார்களே, அந்தச் சொல்லின் முதல் சத்தம் அதுதான், சிங்களத்தில் அதற்கென்று தனி எழுத்தே உண்டு. பக்கத்து வீட்டு அன்ரி கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள் பார்ப்பம் என்றால் என் பிள்ளைகள் அச்சொட்டாகச் சொல்வார்கள். மற்ற நான்கு குட்டி உயிரும் நம் குறில்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்: ஐக்கு இ, ஈக்கு எ, ஓவுக்கு ஒ, யூவுக்குப் பெரும்பாலும் அ. கடைசியில் கவனம். 'யூ' என்று பெயர் வைத்துக்கொண்டு கப், பஸ் எல்லாவற்றிலும் அது 'அ' என்றுதான் சத்தம் போடும். பெயரை முதலில் மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே கட்டாயம் தடக்கி விழும். அதனால்தான் பெயரை ஆறுதலாகச் சொல்லிக் கொடுக்கலாம் என்கிறேன்.

சத்தம் சொல்லும்போது நாம் விடுகிற பிழை இரண்டு. தமிழ் மெய்யை இக், இங், இச் என்று படித்த பழக்கத்தில் எஸ் எழுத்தை 'இஸ்' என்போம். அல்லது பின்னால் ஒரு வாலை ஒட்டி 'ஸு', 'பு' என்போம். இப்படிப் பழகிய பிள்ளை இப்-இ-இன் என்று சேர்க்கப் பார்க்கும், அல்லது பு-இ-னு என்று சேர்க்கப் பார்க்கும். இரண்டிலும் 'பின்' வராது. பாம்பு சீறுவது போல ஸ்ஸ்ஸ் மட்டும். ப்புக்கு உதட்டை மூடித் திறக்கிற அந்தச் சின்னச் சத்தம் மட்டும், குரல் வரக்கூடாது. யூரியூபில் காட்டுகிற வீடியோக்களிலும் பாதி இந்த வாலோடுதான் இருக்கின்றன. பிள்ளைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

இனிச் சேர்க்கிற இடம். வழக்கமாக மூன்று சத்தத்தையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒட்டச் சொல்வார்கள். ஸ்... இ... ற்... என்று முடிக்கும்போது முதல் சத்தம் பிள்ளைக்கு மறந்துபோயிருக்கும். நமக்கு இதைவிட நல்ல வழி கையிலேயே இருக்கிறது. முதல் இரண்டையும் உயிர்மெய் ஆக்குங்கள். கடைசி எழுத்தைக் கையால் மூடிவிட்டு, "ஸ்ஸ்ஸ்... இ... சேர்த்தால்?" என்று கேளுங்கள். பிள்ளை "ஸி" என்று சொல்லும், க்+இ கி என்று சொல்லிப் பழகிய அதே வாய்தானே. இப்போது கையை எடுங்கள். "ஸி... ற்." "ஸிற்!" அவ்வளவுதான். நான் பார்த்தவரை சேர்க்க முடியாமல் மாதக்கணக்கில் நின்ற பிள்ளைகளும் இந்த வழியில் அசைந்தார்கள். இழுக்கக்கூடிய சத்தத்தில் தொடங்குகிற சொற்களை முதலில் கொடுங்கள்: ஸ், ன், ம், ஃப், ல். ப், ற், க் இழுபடாது, அவற்றில் தொடங்குகிற சொற்கள் அடுத்த கிழமைக்கு.

முடிவில் 'உ' ஒட்டிக்கொள்வதையும் கவனிக்க வேண்டும். தமிழ்ச் சொல் வல்லினத்தில் முடிய விரும்பாது, ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் 'ஸிப்' வாயில் 'சிப்பு' ஆகும். திட்ட வேண்டாம், அது பிள்ளையின் தாய்மொழி. ப்பில் முடிகிற சொல்லைச் சொல்லிவிட்டு உதட்டை மூடியபடியே இரண்டு எண்ணும் வரை இருக்கச் சொல்லுங்கள். அது ஒரு விளையாட்டாகிவிடும்.

பென்சில் பீயும் பஸ் பீயும் தனி அத்தியாயம். பஸ் என்று எழுதச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் பென்சில் பீயைப் போட்டு எழுதுவார்கள். சொல்லும்போது சரியாகத்தான் சொல்வார்கள், எழுதும்போது மாறும். ஏனென்றால் தமிழில் இரண்டுக்கும் ஒரே ப. பெரியவர்கள் இதைக் கவனக்குறைவு என்று நினைத்துப் பத்துத் தரம் எழுத வைப்பார்கள். பத்துத் தரம் எழுதினாலும் காது திறக்காது. நான் பம்பரம் என்று கரும்பலகையில் எழுதி இரண்டு ப-வையும் இரண்டு நிற வெண்கட்டியால் தீட்டுவேன். "இரண்டும் ஒரே சத்தமா?" முதலில் எல்லாரும் ஓம் என்பார்கள். பம்... பரம்... என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கும்போது யாராவது ஒரு பிள்ளை "இல்லை ரீச்சர், ரெண்டாவது தடிப்பு" என்று சொல்லும். சரியாகச் சொல்லிவிட்டது! முதலாவது பென்சில் பீ, ம்-க்குப் பின்னால் வருவது பஸ் பீ. இதே மாதிரிக் கங்கணத்தில் இரண்டு க, தந்தத்தில் இரண்டு த. பச்சையில் வருகிற ச-வும் பஞ்சில் வருகிற ச-வும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து. இந்த ஒலிகள் எல்லாம் நம்மிடம் முன்பே இருக்கின்றன. ஆங்கிலம் அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வடிவத்தில் பஸ் பீயும் டீயும் மாறுவதற்குக் கிரிக்கெட்டைப் பிடியுங்கள். முதலில் பற், பிறகு போல்: நேர்கோடு, அதன் பின் உருண்டை, அது பஸ் பீ. உருண்டை முன்னுக்கு வந்தால் டீ. ஏழு வயது வரை இது மாறி மாறி வருவது வழமை, பயப்பட வேண்டியதில்லை.

பாடசாலையில் படிப்பிக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. என் வகுப்பில் 36 பிள்ளைகள். கிழமைக்கு ஒருதரம் ஒரு முழுப் பாடவேளை செய்வதைவிட, நாள்தோறும் காலையில் பதினைந்து நிமிடம் செய்வது பலமடங்கு மேல். முதல் ஐந்து நிமிடம் பழைய அட்டைகளைக் காட்டிச் சத்தம் சொல்வது, அடுத்த ஐந்து புதிய சத்தம், கடைசி ஐந்து சொற்களைச் சேர்ப்பது. எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லும்போது பத்துப் பிள்ளைகள் வாயை மட்டும் அசைப்பார்கள். அதனால் ஒரு வரிசை சொல்ல மற்ற வரிசை கேட்கட்டும். நாள்தோறும் ஐந்து பிள்ளைகளைத் தனியாகக் கேட்டு ஒரு சின்னக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றரைக் கிழமையில் முழு வகுப்பும் முடிந்துவிடும். எப்போதும் கேட்காத மாதிரி இருக்கிற பிள்ளைக்கு முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்குக் காது அடைத்திருக்கலாம்.

பிள்ளை உண்மையில் வாசிக்கிறதா, மனப்பாடமாகச் சொல்கிறதா என்று அறிய இங்கிலாந்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2012 முதல் அங்கே 1ஆம் ஆண்டுப் பிள்ளைகளிடம் 40 சொற்களை வாசிக்கக் கொடுக்கிறார்கள். அதில் 20 பொருளே இல்லாத பொய்ச்சொற்கள், பக்கத்தில் ஒரு விசித்திரப் பிராணியின் படம் இருக்கும். பிராணியின் பெயரை வாசி என்பதுதான் கேள்வி. இதை வீட்டிலும் செய்யலாம். பூதம் ஒன்றைக் கீறி அதற்கு 'நிஸ்' என்றோ 'ரிஸ்ப்' என்றோ பெயர் எழுதி வையுங்கள். முன்பு பார்க்காத சொல்லைப் பிள்ளை சத்தம் சத்தமாகச் சேர்த்து வாசித்தால் அதற்கு வாசிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இது சரியான விருப்பம்.

வீட்டில் பத்து நிமிடம் போதும். குளித்து, சாப்பிடும் முன், தொலைக்காட்சி நிற்பாட்டிய நேரம். பிள்ளை தடக்கினால் உடனே முழுச் சொல்லையும் சொல்லிவிடாதீர்கள். "படத்தைப் பார், என்னவாக இருக்கும்?" என்றும் கேட்காதீர்கள், அது ஊகிக்கத்தான் பழக்கும். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, மூன்று எண்ணும் வரை பொறுங்கள். அப்பா டோகாவில் என்றால் வட்ஸ்அப்பில் ஐந்து சொல் வாசித்துக் காட்டட்டும். ஆங்கிலம் தெரியாத அம்மம்மாவும் தாராளமாக உதவலாம். என் மாணவி ஒருத்தியின் அம்மம்மா பேத்தியிடமே சத்தங்களைப் படித்தார். அட்டையைத் தூக்கிக் காட்டி "இது என்ன சத்தம் போடும்? எனக்குச் சொல்லித் தாங்கோ" என்று கேட்பார். சொல்லிக் கொடுக்கிற பிள்ளைதான் கூடப் படிக்கும். அந்த வீட்டில் நடந்தது எந்த ரியூஷனிலும் நடந்திராது.

தனி எழுத்துகள் முடிந்த பிறகு இரண்டெழுத்துச் சத்தங்கள் வரும். ஷ், ச்ச், த் எல்லாம் இலேசாகவே போகும். எனக்குப் பிடித்தது ங். அதற்கென்று தமிழில் அழகான ஓர் எழுத்து இருக்கிறது. ஆங்கிலத்தில் தனி எழுத்து இல்லாமல் 'என்' எழுத்தையும் 'ஜீ' எழுத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரே பெருமை. நெடிலும் நமக்குக் கைவந்தது. இரண்டு ஈ சேர்ந்தால் 'ஈ' என்று நீளும். கப்பலையும் (ஷிப்) செம்மறியையும் (ஷீப்) மாற்றி வாசிக்கிற பிள்ளையிடம் "குறிலா நெடிலா?" என்று மட்டும் கேளுங்கள். புளியங்கொட்டையையும் மறக்க வேண்டாம். கப்பலுக்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, ஆனால் மூன்று கொட்டைதான். ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும்.

எந்த விதிக்கும் அடங்காத சொற்களும் உண்டு: 'வொஸ்', 'வண்', 'செட்' மாதிரி. கிழமைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள், சொல்லில் எந்த இடம் ஏமாற்றுகிறது என்று பிள்ளை சிவப்பால் கோடு போடட்டும்.

நாளைக்கே தொடங்க நினைக்கிறவர்கள் இன்று இரவு ஒரு பழைய பிஸ்கட் பெட்டியை வெட்டி ஐந்து அட்டை செய்யுங்கள். எஸ், ஐ, ரீ, பென்சில் பீ, என். எல்லாம் சிறிய எழுத்து. புத்தகத்தில் பிள்ளை சந்திக்கப் போவது அவற்றைத்தான், பெரிய எழுத்து பிறகு வரட்டும். ஒரு தட்டத்தில் கொஞ்சம் அரிசி பரப்புங்கள். ஏடு தொடக்கியபோது பிடித்த மாதிரியே விரலைப் பிடித்து எஸ் எழுதச் செய்யுங்கள், எழுதி முடியும் வரை ஸ்ஸ்ஸ் என்று சொல்லியபடி. முதல் நாளைக்கு அது ஒன்றே காணும்.